பேரோடு வந்த மரம்

“எழுதும்மா. ‘என் கையால் அந்தப் பெயரை அழிக்க மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.’”

மகள் எழுதினாள். தாவரப் பூங்காவில் இருபத்தாறு வருடமாக மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர்தான் அப்பா. ஆனால் ஒரு அடி உயரத்துக்குக் கீழே அவருக்கு எழுத்து வராது. காகிதம் என்றால் நாலு எழுத்தில் பக்கம் தீர்ந்துவிடும்.

அந்நியப் பெயர்களை எல்லாம் அழிக்கச் சொல்லிப் புது மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். சப்போட்டாவுக்கு அவரே சூட்டிய பெயர் ‘பழுப்பு இன்கனி’. இன்று மாலைக்குள் எழுதாவிட்டால் வேலை காலி.

“பழுப்பு இன்கனியாம்! உருளைக்கிழங்குன்னு நினைச்சு ஜனங்க வேரைத் தோண்டப் போறாங்க. கேட்டா, சப்போட்டா இங்கிலீஷ் பேருங்கிறார்.”

“இங்கிலீஷும் இல்லப்பா. மெக்சிகோவுல நவாட்டில்னு ஒரு மொழி. அதுல ‘ட்ஸபோட்ல்’. ஸ்பெயின்காரங்க வாயில ‘சபோட்டே’ ஆச்சு. இங்கிலீஷ்காரங்க ‘சப்போட்டா’ன்னு எழுதிக்கிட்டாங்க.”

பெயின்டர் ‘ட்ஸபோட்ல்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பல்செட் கழன்று கைக்கு வந்தது.

“செத்துப்போன மொழியா?” என்றார், பல்லை மாட்டிக்கொண்டு.

“யார் சொன்னா? பத்து லட்சம் பேருக்கு மேல பேசுறாங்க.”

“நீ எண்ணிப் பாத்தியாக்கும்?”

“ஒருத்தரைத் தெரியும். அவர் பேரும் இப்படித்தான், வாயில நுழையாது.” மகள் பேனாவை உதறினாள். “அது கிடக்கட்டும். எங்கிருந்தோ வந்த பேரை நாம ஏன் வெச்சுக்கணும்னு மேனேஜர் கேப்பாரே?”

பெயின்டருக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்கிருந்து வந்தா என்ன? வேர் விட்டப்புறம் நம்ம ஆளுதான். கூப்பிட வசதியா இல்லேன்னு பேரை மாத்தச் சொல்ல நாம யாரு? நாக்கு சுளுக்கினா சுளுக்கட்டும்! எழுது!”

“அப்படியே எழுதவா? அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் என்ன மேனேஜரா? கொண்டா இங்கே!” பாதிப் பக்கத்தை அடைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மகள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள்.

“உள்ள வாங்க! உங்க பேரை மாத்திக்க வேணாம்னு வருங்கால மாமனாரே எழுதிக் குடுத்துட்டாரு!”