அதே மாதிரி ரெண்டு

சாயங்கால பஸ்ஸில் மனைவி துர்காதேவி ஒக்கூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் காரியம் முடிந்தாக வேண்டும். தங்கச்சாமி காரைக்குடி கடைவீதியிலிருந்த அந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்குள் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார்.

"தம்பி, ரெண்டு கினி பிக் வேணும். எங்க லட்டுவும் பூந்தியும் வெயில் தாங்காம காலையில போயிருச்சுக. இப்பத்தான் கொல்லையில புதைச்சிட்டு வாரேன்."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா கண்ணுக்குள்ள வச்சு வளர்த்ததுக. எம் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா. அதே மாதிரி பார்த்துக் குடுங்க."

போட்டோவைக் காட்ட அவர் செல்போனை எடுப்பதற்குள், கடைக்காரர் கதிரவன் உள்ளே போய் ஒரு கூண்டோடு வந்தார். அதற்குள் வாலில்லாத பெரிய எலிகளைப் போல இரண்டு கினி பிக்குகள். ஒன்றுக்கு இடது காது மட்டும் கறுப்பு. மற்றதற்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அச்சு அசல் லட்டு, பூந்தி!

தங்கச்சாமி வாயைப் பிளந்தார். "போட்டோவப் பார்க்காம எப்படிய்யா கண்டுபிடிச்சீக?"

"லட்டு, பூந்தின்னு நீங்க சொன்னதுமே எந்த வீடுன்னு தெரிஞ்சு போச்சுண்ணே. இந்த ஜாடையில ஒரு ஜோடிய நான் எப்பவும் தனியா எடுத்து வச்சிருப்பேன். தீபாவளி சமயத்துல பழசு செத்துப் போச்சுன்னு அக்கா ஒரு ஜோடி வாங்கிட்டுப் போனாக. தைப்பூசத்துக்கு மறுநாளு அழுதுக்கிட்டே வந்து இன்னொரு ஜோடி வாங்குனாக."

"அவளா? எங்கிட்ட மூச்சுகூட விடலையே!"

"எப்படிண்ணே விடுவாக? 'எங்க வீட்டுக்காரருக்கு இது மட்டும் தெரியவே கூடாது, சோறு தண்ணி இறங்காது'ன்னு எங்கிட்ட கற்பூரம் அணைக்காத குறையா சத்தியம்ல வாங்கிருக்காக!"