காயும் பாதங்கள்

ஹல்துமுல்லைக்குக் கீழே, மலைச்சாலை வளைவில் பைக்கை நிறுத்திவிட்டு, ரோட்டோர மதகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறான் மோகன்ராஜ். பலாங்கொடை வெயிலில் பார்சல்களைச் சுமந்து ஏறி வந்த என்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கிறது. வேர்வையில் ஊறிய சாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. உள்ளே பாதங்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கின்றன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. போன வருஷம் இதே ஈரத்தில் வந்த சின்னப் புண்ணை அவன் கவனிக்கவில்லை. சர்க்கரை வியாதி அதை ஆறவிடவில்லை. அப்போதிலிருந்து தினமும் மத்தியானம் தவறாமல் குவைத்திலிருந்து அவன் மனைவி லோகேஸ்வரி வீடியோவில் அழைக்கிறாள்.

திரையில் அவளுக்குப் பின்னால் யாருடையதோ ஒரு வெள்ளைச் சமையலறை. குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள். “உள்ளங்காலைக் காட்டுங்க. வெரல விரிச்சுப் புடிங்க.” அவன் போனைக் காலடியில் பிடிக்கிறான். “செவந்திருக்கா?” என்று கேட்கிறான். “இல்லங்க, வெளுத்துத்தான் இருக்கு. வெரலுக்கு நடுவுல நல்லா தொடைங்க. காஞ்சப்புறம் வேற சாக்ஸ் போடுங்க, அவசரப்படாதீங்க.” சாப்பிட்டாயா என்று கேட்க அவன் போனை முகத்துக்கு நேராகத் திருப்புகிறான். அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட, அழைப்பு அறுந்துவிடுகிறது. இன்று அவன் சவரம் செய்து மீசையைக்கூடத் திருத்தியிருக்கிறான். அவள் பார்த்தது பாதங்களை மட்டும்தான். அவன் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்து, கால்களைக் காற்றுக்கு நீட்டுகிறான். ஒரு பஸ் முக்கிக்கொண்டு மேலேறிப் போகிறது. பாதங்கள் காய்ந்துவிட்டன. மாற்றிப் போட எடுத்த சாக்ஸ் மடியிலேயே இருக்கிறது. அவன் இன்னும் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான்.