பச்சை ஓஸும் காவல் நாயும்

தோட்டத்தின் நடுவே தனியாக இருந்த வீட்டுக்கு ஒருவழியாகக் கரண்டு இணைப்பு கிடைத்தது; ஆனால் கரண்டு அவ்வப்போதுதான் வரும். தூரத்துப் போர்வெல்லில் மோட்டாரை இறக்கி, அங்கிருந்து வீட்டுத் தொட்டி வரைக்கும் பச்சை ஓஸைத் தரையிலேயே விரித்துவிட்டார்கள். காவல் நாய்க்கு முதல் நாளே அதைப் பிடிக்கவில்லை.

“இப்பச் சப்பையாக் கிடக்குது பாரு,” என்றது பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டிடம். “கரண்டு வந்ததும் யாரும் தொடாமலே உப்பும். யோக்கியன் எவனாவது அப்படி உப்புவானா?”

“மோட்டார் தானா ஓடுற மாதிரி வெச்சிருக்காங்க. உள்ள வர்றது தண்ணிதான். உன் சட்டியில ஊத்துறதும் அதுதான்.”

“என் சட்டித் தண்ணி நம்ம வீட்டுக்காரி பூவாத்தா கையிலிருந்து வருது. நான் என்ன குருடா?”

வீட்டார் சந்தைக்குப் போன நேரத்தில் கரண்டு வந்தது. ஓஸ் உப்பி, மெல்லச் சீறியது. நாய் ஒரே பாய்ச்சலில் அதைக் கவ்வி, கிழியும்வரை உதறியது. பீய்ச்சியடித்த தண்ணீரெல்லாம் வேலிக் கள்ளிக்குள் ஓடியது. கரண்டு போனதும் ஓஸ் அடங்கிச் சப்பையாகக் கிடந்தது.

சந்தையிலிருந்து வந்த பூவாத்தா தொட்டிக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள்.

ஆட்டுக்கு நாக்கு வறண்டிருந்தது. நாய் தன் காய்ந்த சட்டியை நக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தியது.

“நான் அப்பவே சொன்னேன்ல? சாகுறதுக்கு முன்னாடி மொத்தத் தண்ணியையும் குடிச்சிட்டுத்தான் செத்திருக்கு.”