ஆறு சொல்லுக்கு மேல்

பாலத்தின் நடுவே விரிசலைக் கண்டதும் பவளக்கொடி பேருந்தை நிறுத்தினாள். அடைமழை என்றும் பாராமல் எல்லோரையும் இறக்கிக் கரைக்கு நடக்கவைத்தாள். கடைசி ஆளோடு அவளும் கரையேறிய சற்றைக்கெல்லாம் பாலம் பேருந்தோடு ஆற்றில் போனது.

மறுநாள் செய்தி வந்தது: ‘பயணிகளைக் கொட்டும் மழையில் இறக்கிவிட்டார் பெண் ஓட்டுநர்.’

செய்தி என்றாலே இப்போது ஆறு சொல்தான். அதற்குக் கீழே படிக்க எதுவும் கிடையாது. ஊரே போட்டிருக்கும் செய்திக் கண்ணாடிகளில், அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் அந்த வரி ஒளிர்ந்தது. பால்கடைக்காரர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

டெப்போ மேலாளர் இருதயராஜ் கூப்பிட்டார். “ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா. வரி தானா அழிஞ்சிடும்.”

“பாலம் இடிஞ்சதப் போடச் சொல்லுங்க சார்.”

“ஆறு சொல்லுல அதுக்கு எடம் ஏது?”

“அப்ப மன்னிப்புக்கும் என்கிட்ட எடமில்ல.”

வேறொரு பேருந்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். ஏறியவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் முணுமுணுத்தார்கள். பவளக்கொடி எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“நான் எறக்கிவிட்டது நெசந்தான். ஏன்னு முழுசாச் சொல்லாம வண்டி நகராது. கேக்கப் பிடிக்காதவங்க எறங்கிக்கலாம்.”

பலர் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். படியில் கால் வைத்த ஒரு பெண் மட்டும் திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள்.

“வேலைக்கு நேரமாச்சு. பரவால்ல, சொல்லுங்க. எதுக்கு எறக்கிவிட்டீங்க?”

செய்தி வந்ததிலிருந்து யாருமே அவளிடம் கேட்காத கேள்வி அது. பவளக்கொடி மழையிலிருந்து ஆரம்பித்தாள்.