நிறைமதி என்ன சொல்கிறாள்?

திருப்பூரில் அப்போது எல்லாருடைய காதிலும் மொழிப்பொறி இருந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவருக்கு அவரவர் மொழியில் கேட்கும். பனியன் கம்பெனியில் பூங்கோதையின் பொறி அன்று பழுதாகிவிட, வெறும் காதோடு வீடு திரும்பினாள்.

நான்கு வயது மகள் நிறைமதி ஓடிவந்து ஏதோ சொன்னாள். பூங்கோதைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"என்ன கண்ணு சொல்ற?"

குழந்தை அதையே திரும்பச் சொல்லி அழுதது. இத்தனை நாள் தன்னிடம் தமிழில் பேசியது யார் என்று பூங்கோதை திகைத்து நின்றாள்.

பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஒடிசாப் பெண் சஸ்மிதா பின்னாலேயே வந்தாள். பூங்கோதையின் வெறும் காதைப் பார்த்துவிட்டு, தன் வாயாலேயே தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: "அம்மா ஏன் லேட்டுனு கேக்குது, அக்கா."

பூங்கோதை மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"வந்துட்டேன்னு ஒடியாவுல எப்படிச் சொல்றது, சஸ்மிதா?"