அப்பாவின் கையெழுத்து

"வயசுப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிற விஷயமா இது?"

மாணவியின் அப்பா அறிவியல் நோட்டைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் எறிந்தார்.

'பிறப்பது ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் குரோமோசோமே' என்று மகளின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. கீழே, 'தந்தையின் கையொப்பம்' என்ற இடம் காலி.

"பாடத்துல இருக்கிறதுதானே சார்?"

"இருந்தா என்ன? எங்க வாத்தியார் இந்தப் பாடத்தை 'வீட்டுல படிச்சுக்கோங்க'ன்னு தாண்டிப் போயிடுவார். இந்த சயின்ஸ் டீச்சரம்மா என்னடான்னா, அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வான்னு அனுப்புது! மூணும் பொண்ணாப் பெத்துப் போட்டவ என் பொண்டாட்டி. அவ இதைக் கேட்டுட்டு என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறா!"

"மத்த அப்பாங்க எல்லாரும் போட்டுட்டாங்களே!"

"புதுசா வந்த டீச்சராமே? கூப்பிடுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்."

டீச்சர் வந்தாள். கேள்வி கேட்க எழுந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்றார் தலைமையாசிரியை.

"நல்லாத் தெரியும் மேடம். இவரோட முதல் மனைவி நான்தான். ரெண்டாவதும் பொண்ணுன்னு தெரிஞ்ச அன்னைக்கே, பிரசவ வார்டுல வச்சு விவாகரத்துப் பேப்பரை நீட்டினார்."

டீச்சர் நோட்டை அவர் முன்னால் விரித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"அன்னைக்கு நான் படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். நீங்க நிதானமா, நல்லாப் படிச்சுட்டே போடுங்க."