நேற்றைய கட்டளை

அடுப்படியில் திலகவதியின் போன் சிணுங்கியது.

"அண்ணந்தாண்டி! வேளை தவறாம அனுப்பிடறான் பாரு." ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "நீயே படி. கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல."

பொற்கொடி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, போனை வாங்கிப் படித்தாள். "யம்மா, கடல் அமைதியா இருக்கு. சாப்டேன். மாத்திரைய மறந்துடாத."

"மவராசன்! ஒடம்பப் பாத்துக்கன்னு நான் சொன்னதாப் போட்டு வுடு."

பொற்கொடி அப்படியே அடித்து அனுப்பினாள். அண்ணன் இளம்பரிதி செத்து இரண்டு மாதம் ஆகிறது. புயலில் கப்பலிலிருந்து விழுந்தவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

சேதி வந்தபோது அம்மா இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிர்ச்சியான எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா சோமசுந்தரம் மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். ஊர்வம்பு பேசாமல் தூக்கம் வராத குவார்ட்டர்ஸ் பிளாக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

பொற்கொடிக்கு வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை. அண்ணனின் பழைய மெசேஜ்களில் ஒன்றைப் பொறுக்கி, அவன் பெயரிலேயே அம்மாவுக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். எழுதிய திரையின் அடியிலேயே கறுப்பாக ஒரு டெர்மினல், கட்டளை அடிக்கும் பெட்டி. அதில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் நேற்று அடித்த கட்டளை அப்படியே வந்து நிற்கும். என்டரைத் தட்டினால் அண்ணன் பேசிவிடுவான்.

தானாகவே ஓடும்படி வைத்திருக்கலாம். சொல்கிற பொய்யைத் தன் கையாலேயே சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

அம்மா தினமும் டீயைக் கொண்டுவந்து வைப்பாள். மகளின் விரல்களைச் சற்றுப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவாள். மகன் எப்போது வருவான் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி வராதவரை பிழைத்தோம் என்று பொற்கொடி நினைத்துக்கொள்வாள்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பொற்கொடிக்குக் காய்ச்சல் கண்டது. லேப்டாப்பைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படுத்தவள், மறுநாள் கண்விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். பின்பக்கத் தோட்டத்தில் அம்மா காக்கையைக் கூப்பிடும் குரல் கேட்டது.

இன்று மெசேஜ் போகவில்லை! பதறிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

"யம்மா... அண்ணன் கப்பல்ல இன்னிக்கி டவர் இல்ல போல. அதான் இன்னும்..."

"அப்பவே வந்துடுச்சேடி." அம்மா இடுப்பிலிருந்த போனை எடுத்து நீட்டினாள்.

'யம்மா, உருளைக்கெழங்கு வறுவல் சாப்புடணும் போல இருக்கு.'

அண்ணன் எப்போதோ அனுப்பியதுதான். அந்தப் புரோகிராமில் அவளே சேர்த்து வைத்ததுதான். அவள் தட்டாமல் இது எப்படி வந்தது? அப்பாவுக்கு அந்த லேப்டாப்பில் எதைத் தொடுவது என்றே தெரியாது.

அப்போதுதான் மதில்மேல் இருந்த இலையைப் பார்த்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் தாத்தாவுக்கு வைக்கிற சோறும் பருப்பும் ஒரு பக்கம் இருந்தன. பக்கத்தில் இன்னொரு பிடி சோறு, அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல்.

"யம்மா..." என்றாள்.

அம்மா திரும்பவில்லை. வறுவலைக் கொத்திய காக்கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீ காய்ச்சல்ல தூங்கிகினு இருந்தே. அதான் அந்த அம்பையும் என்டரையும் நானே தட்டிட்டேன்."